தத்துப் பிள்ளைகளும் விவாகரத்தும்: பிள்ளை யாரிடம், சொத்து யாருக்கு?

கேட்டவர் ஈரோடு பக்கத்துப் பெண். அவர் எழுதியதன் சுருக்கம் இது. இந்துக் குடும்பம், இரண்டு பிள்ளைகள், இருவரும் தத்து. மூத்தவளுக்கு 9 வயது. கைக்குழந்தையாக இருந்தபோது அரசு அங்கீகாரம் பெற்ற தத்து மையத்திலிருந்து நீதிமன்ற உத்தரவோடு வந்தவள். இளையவனுக்கு 4 வயது. கணவருடைய தம்பி மகன். பிறந்த சில மாதங்களில் சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் தத்துப் பத்திரம் பதிவு செய்து எடுத்துக்கொண்டார்கள். இப்போது கணவனும் மனைவியும் பேசிப் பிரிவதாக முடிவு. கணவர் வீட்டில் சொல்வது: "பையன் எங்க ரத்தம், அவன் இங்கயே இருக்கட்டும். பத்திரத்த ரத்து பண்ணிட்டு தம்பி பேருக்கே மாத்திக்கிறோம். பொண்ண நீ கூட்டிட்டுப் போ." வீடு கணவர் பெயரில், கடன் இருவர் பெயரில். மகள் பெயரில் ஒரு மனை. 40 பவுன் நகை மாமியார் லாக்கரில்.

முதலில் அந்தப் பத்திர விஷயம். அதை ரத்து செய்ய முடியாது. இந்து தத்தெடுப்பு மற்றும் பராமரிப்புச் சட்டம், 1956, பிரிவு 15 இதை நேராகவே சொல்கிறது: முறையாக நடந்த தத்தை எடுத்த அப்பா, எடுத்த அம்மா, வேறு யாருமே ரத்து செய்ய முடியாது; பிள்ளையே வளர்ந்து பெரியவனாகி "நான் பிறந்த வீட்டுக்கே போகிறேன்" என்றாலும் தத்தை உதற முடியாது. சரி, ரத்து வேண்டாம், தம்பிக்கே மறுபடி தத்துக் கொடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அதற்கும் வழியில்லை. ஏற்கெனவே தத்துப் போன பிள்ளையை மறுபடி தத்துக் கொடுக்கக் கூடாது என்கிறது அதே சட்டத்தின் பிரிவு 10. இரண்டு குடும்பமும் உட்கார்ந்து மனமொத்து ஒரு ரத்துப் பத்திரம் எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் அது வெறும் காகிதம்தான். விவாகரத்து முடிப்பது உங்கள் கல்யாணத்தை. நீங்கள் அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் அம்மா என்பதையோ, அவர் அப்பா என்பதையோ அது தொடுவதில்லை. பெற்ற பிள்ளைகளாக இருந்தால் என்ன கேள்வி வருமோ அதே கேள்விதான் இங்கேயும்.

ஆனால் இதைச் சொன்னதும் எதிர்த்தரப்பு வக்கீல் அடுத்த கதவைத் தட்டுவார்: "தத்தே செல்லாது." பிரிவு 15 காப்பாற்றுவது முறையாக நடந்த தத்தை மட்டும்தானே. பெற்றவர்கள் பிள்ளையைத் தங்கள் கையால் கொடுத்து, நீங்கள் வாங்கியது உண்மையில் நடந்திருக்க வேண்டும். பெற்ற அப்பா, அம்மா இருவர் சம்மதமும் வேண்டும். பணம் கைமாறியிருக்கக் கூடாது. தத்த ஹோமம் நடக்கவில்லையே என்று மாமியார் சொன்னால் அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், இன்றைய சட்டத்துக்கு ஹோமம் கட்டாயமில்லை. உங்கள் பக்கம் பெரிய பலம் அந்தப் பதிவுதான். கொடுத்தவர், எடுத்தவர் இருவரும் கையெழுத்திட்டுப் பதிவான பத்திரம் இருந்தால், தத்து சட்டப்படி நடந்தது என்றே நீதிமன்றம் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று பிரிவு 16 சொல்கிறது. நடக்கவில்லை என்று நிரூபிக்கும் பாரம் மறுப்பவர் தலையில். அதனால் இன்றைக்கே செய்ய வேண்டியது: பத்திரத்தின் சான்றிட்ட நகலை சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் மனு போட்டு வாங்கி, பிறந்த வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் பீரோவில் இருக்கிறது என்று நம்பி இருக்காதீர்கள். அன்று எடுத்த போட்டோ, ரேஷன் கார்டில் பையன் பெயர், பால்வாடியில் சேர்த்த பதிவு, தடுப்பூசி அட்டை எல்லாம் சேரட்டும்.

மகள் விஷயத்தில் இந்தத் தலைவலி கிடையாது. அவள் சிறார் நீதிச் சட்டம், 2015 வழியாக வந்தவள். 2022 செப்டம்பருக்கு முன்னால் என்பதால் உத்தரவை நீதிமன்றம் கொடுத்திருக்கிறது. இப்போதென்றால் கலெக்டர் கொடுக்கிறார். இரண்டுக்கும் பலன் ஒன்றுதான். அந்தச் சட்டத்தின் பிரிவு 63, உத்தரவு தேதியிலிருந்து அவள் உங்கள் இருவருக்கும் பிறந்த பிள்ளைபோலவே என்கிறது, வாரிசுரிமை உட்பட.

ஒரு சின்ன வேலை, நிறையப் பேர் விட்டுவிடுவது: பையனின் பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள். உறவுக்குள் தத்தெடுத்தவர்கள் பத்திரம் பதிவு செய்ததோடு நிறுத்திவிடுகிறார்கள். பிறப்புச் சான்றிதழில் பெற்றவர்கள் பெயரே நிற்கும். அப்புறம் பள்ளி, ஆதார், பாஸ்போர்ட் என்று ஒவ்வொன்றும் முரண்படும். மாற்றவில்லை என்றால், கணவரும் நீங்களும் இன்னும் ஒரே மேஜையில் கையெழுத்துப் போடக்கூடிய நிலையில் இருக்கும்போதே மாற்றிவிடுங்கள். வழக்கு சூடுபிடித்த பிறகு இந்தக் கையெழுத்துக்கே பேரம் தொடங்கிவிடும்.

இனி கஸ்டடி, அதாவது பிள்ளைகள் யாரிடம் வளர்வது என்பது.

"ரத்தம்" என்ற வாதத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. தத்தான நாளிலிருந்து அவன் உங்கள் மகன். உங்கள் கொழுந்தனார் அவனுக்குச் சித்தப்பா. அவ்வளவுதான். இந்து சிறுவர் மற்றும் பாதுகாவலர் சட்டம், 1956 என்று இன்னொரு சட்டம் இருக்கிறது. அதன் பிரிவு 7, தத்துப் பையனுக்கு இயற்கைப் பாதுகாவலர் (நீதிமன்றம் நியமிக்காமலே சட்டப்படி பொறுப்பில் இருப்பவர்) தத்தெடுத்த அப்பா, அவருக்குப் பிறகு தத்தெடுத்த அம்மா என்கிறது. (அந்தப் பிரிவில் மகன் மட்டும்தான் வருகிறான், மகள் இல்லை. காரணம் வேடிக்கையானது. அந்தச் சட்டம் 1956 ஆகஸ்டில் வந்தது; பெண் குழந்தையைத் தத்தெடுக்கலாம் என்ற சட்டம் அதே வருடம் டிசம்பரில்தான் வந்தது. அப்புறம் யாரும் போய்த் திருத்தவில்லை.) "அப்பாவுக்குப் பிறகு" என்பதைப் பிடித்துக்கொண்டு அப்பாதான் முதல் என்று வாதிடுவார்கள். 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது: அப்பா இறந்த பிறகுதான் அம்மா என்று அர்த்தமில்லை, அப்பா பிள்ளையின் பொறுப்பில் இல்லாத நிலையிலும் அம்மாவே இயற்கைப் பாதுகாவலராகச் செயல்படலாம்.

அதோடு 5 வயது முடியாத பிள்ளை சாதாரணமாக அம்மாவிடம்தான் இருக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் பிரிவு 6 சொல்கிறது. உங்கள் மகனுக்கு 4. ஆனால் இதை மட்டும் நம்பி உட்கார வேண்டாம். வழக்கு ஒரு வருடம் இழுத்தால் அவனுக்கு 5 தாண்டிவிடும். அதற்குப் பிறகு ஒரே அளவுகோல்தான்: பிரிவு 13, பிள்ளையின் நலன். பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் அல்ல, விளையாட்டுப் பொருளும் அல்ல என்று உச்ச நீதிமன்றம் 1973இல் ரோஸி ஜேக்கப் வழக்கில் சொன்னது. சென்னையிலிருந்து போன வழக்கு அது. இன்றைக்கும் கஸ்டடி தீர்ப்புகளில் மேற்கோளாக வந்துகொண்டே இருக்கிறது.

நலன் என்றால் நீதிபதி பார்ப்பது என்ன? யார் அதிகம் சம்பாதிக்கிறார் என்பதை விட, இத்தனை நாள் யார் குளிப்பாட்டினார், யார் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினார், பள்ளியில் பெற்றோர் கூட்டத்துக்கு யார் போனார் என்பதைத்தான். உங்கள் கணவர் இதையெல்லாம் செய்தவராக இருந்தால் அவர் பக்கமும் நியாயம் உண்டு. அம்மா என்ற ஒரே காரணத்துக்காகத் தீர்ப்பு உங்கள் பக்கம் வந்துவிடாது. ஆனால் உங்கள் வழக்கில் ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். பையனைக் கேட்பது உண்மையில் யார்? அப்பாவா, தம்பி குடும்பமா? "என்னிடம் இருக்கட்டும்" என்று அவர் சொல்லிவிட்டுப் பிள்ளையைத் தம்பி வீட்டில் விடப் போகிறார் என்றால், அது கஸ்டடி கேட்பது அல்ல, தத்தைப் பின்வாசல் வழியாகத் திருப்பிக் கொடுப்பது. இதை உங்கள் வக்கீல் மனுவில் தெளிவாக எழுத வேண்டும்.

இரண்டாவது, அக்கா தம்பியைப் பிரிப்பது. உடன் வளர்ந்த பிள்ளைகளைப் பிரித்து ஆளுக்கொன்றாகக் கொடுப்பதை நீதிமன்றங்கள் பொதுவாக விரும்புவதில்லை. இங்கே இன்னும் ஒரு படி மேலே. அந்தப் பெண் ஏற்கெனவே ஒரு முறை வீடில்லாமல் இருந்து வந்தவள். "பையன் எங்களுக்கு, பொண்ணு உனக்கு" என்ற பேச்சு அவள் காதில் விழுந்தால் அதன் பொருள் அவளுக்குப் புரியாமல் போகாது. எனக்கு இந்தக் கேள்வி முழுவதிலும் கோபம் வந்தது அந்த ஒரு வரியில்தான். கவுன்சலரிடம் இதைச் சொல்லத் தயங்காதீர்கள். குடும்ப நீதிமன்றக் கவுன்சலரின் அறிக்கைக்கு நீங்கள் நினைப்பதை விட மதிப்பு அதிகம்.

மகளுக்கு 9 வயது என்பதால் நீதிபதி அவளைத் தனியாக அழைத்துப் பேசலாம். புரிந்து சொல்லக்கூடிய வயதில் இருக்கும் பிள்ளையின் விருப்பத்தைக் கணக்கில் எடுக்கலாம் என்று 1890ஆம் வருடத்துப் பாதுகாவலர் சட்டமே சொல்கிறது. அவள் சொல்வதுதான் முடிவு என்று இல்லை. சொல்லிக்கொடுத்து அனுப்பாதீர்கள், பிள்ளைகளைத் தினமும் பார்க்கும் நீதிபதிக்கு அது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

நடைமுறையில் ஒரு எச்சரிக்கை. "பேச்சு முடியும் வரைக்கும் பையன் இங்க இருக்கட்டும்" என்று கேட்பார்கள். வேண்டாம். ஆறு மாதம் அங்கே இருந்து பழகிவிட்டால், பழகிய இடத்திலிருந்து பிள்ளையைக் கிளப்ப வேண்டுமா என்ற கேள்வி உங்களுக்கு எதிராகத் திரும்பும். எந்த நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது என்பதும் பிள்ளை வழக்கமாக எங்கே வசிக்கிறது என்பதைப் பொறுத்ததுதான். ஊருக்குக் கூட்டிப்போய்த் திருப்பி அனுப்ப மறுத்தால் காத்திருக்காமல் உடனே இடைக்கால உத்தரவு கேளுங்கள்.

அதே சமயம், பாட்டியையும் சித்தப்பாவையும் ஒரேயடியாக வெட்டிவிட நினைக்காதீர்கள். அவனைப் பெற்றவள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். அவன் ஒரு நாள் அதைத் தெரிந்துகொள்வான். பிள்ளையைப் பார்த்துப் பழக அப்பாவுக்குக் கொடுக்கும் பார்வை நேரத்திலேயே பாட்டி வீட்டுக்குப் போய்வரவும் வழி வைத்துவிடலாம். வாரக் கடைசி, பொங்கல் தீபாவளியில் பாதிப் பாதி, கோடை லீவில் இத்தனை வாரம், தினமும் ஒரு வீடியோ கால் என்று நாள் நேரத்தோடு எழுதுங்கள். பிள்ளை போனில் பேசும் உரிமையை உச்ச நீதிமன்றமே 2020இல் யஷிதா சாஹு வழக்கில் வலியுறுத்தியிருக்கிறது. பிள்ளையைப் பார்க்க வரும் கணவரையோ மனைவியையோ விருந்தாளியைப் போல நடத்துங்கள் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஒருவர் 2022இல் ஒரு வழக்கில் சொன்னார். மேல்முறையீட்டில் அந்த உத்தரவு நிற்கவில்லை, ஆனால் அறிவுரை நல்லதுதான். உபசரிக்கச் சொல்கிறதே நீதிமன்றம் என்று சிரித்தவர்கள் உண்டு. பிள்ளை முன்னால் முகம் சுளிக்காமல் கதவைத் திறப்பது எவ்வளவு கஷ்டம் என்று தெரிந்துதான் சொல்லியிருக்கிறார்.

மனு தாக்கல் ஆவதற்கு முன் செய்ய வேண்டியது இன்னொன்று. தாங்கள் தத்து என்பது பிள்ளைகளுக்குத் தெரியுமா? தெரியாது என்றால் முதலில் மகளுக்குச் சொல்லுங்கள், இருவரும் சேர்ந்து உட்கார்ந்து. வழக்குக் கட்டில் தத்து உத்தரவு, பத்திரம் எல்லாம் இருக்கும். சண்டையின் நடுவில் ஏதோ ஒரு அத்தையோ மாமாவோ "நீ யாரோ பெத்த புள்ள" என்று சொல்லித்தான் பல பிள்ளைகளுக்கு இது தெரியவருகிறது. விவாகரத்தும் தத்தும் ஒரே நாளில் காதில் விழுந்தால், என்னால்தான் பிரிகிறார்கள் என்று பிள்ளை முடிச்சுப் போட்டுக்கொள்ளும். விசாரணையை மூடிய அறையில் நடத்தக் கேளுங்கள். குடும்ப நீதிமன்றச் சட்டம், 1984, பிரிவு 11 படி ஒரு தரப்பு கேட்டாலே போதும், நீதிமன்றம் ஒத்துக்கொள்ள வேண்டும்.

பராமரிப்புப் பணத்தில் தத்துப் பிள்ளை, பெற்ற பிள்ளை என்ற வித்தியாசம் இல்லை. அப்பா, அம்மா இருவருக்குமே கடமை உண்டு. வருமானத்துக்குத் தக்கபடி பங்கு. வழக்காகப் போனால் இருவரும் சொத்து, கடன், வருமானம் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020இல் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம் கட்டாயமாக்கியது. சமரசப் பேச்சில் இப்படி ஒரு பேரம் வரும்: "பையனைக் கேட்காம இருந்தா பணம் தர்றோம்" அல்லது "பணம் கேட்காம இருந்தா ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போ". இரண்டாவதைப் பார்த்து மயங்கிக் கையெழுத்துப் போடும் அம்மாக்கள் நிறைய. பிள்ளைக்குச் சேர வேண்டிய பணத்தை விட்டுக்கொடுக்க உங்களுக்கு அதிகாரம் இல்லை. அப்படி எழுதினாலும் அது பிள்ளையைக் கட்டுப்படுத்தாது. உங்களுக்கான ஜீவனாம்சம் வேறு, பிள்ளைகளுக்கான தொகை வேறு என்று இரண்டு தனிப் பத்தியாக எழுதச் சொல்லுங்கள். வருடத்துக்கு இத்தனை சதவீதம் கூடும் என்றும் போடுங்கள். இன்றைய பள்ளிக் கட்டணத்தை வைத்துப் போட்ட தொகை பிளஸ் டூ வரும்போது பஸ் கட்டணத்துக்குக்கூட வராது.

சொத்துக்கு வருவோம். இங்கேதான் பலருக்குத் தப்பான நம்பிக்கை இருக்கிறது. வெளிநாட்டுச் செய்திகளைப் பார்த்துவிட்டு, விவாகரத்தானால் சொத்தில் பாதி என்று நினைக்கிறார்கள். நம் நாட்டில் அப்படி ஒரு சட்டம் இல்லை. யார் பெயரில் இருக்கிறதோ அவருடையது என்பதுதான் தொடக்கப் புள்ளி. வீட்டைப் பார்த்துக்கொண்ட மனைவியின் உழைப்பும் சொத்துச் சேர்ப்பில் பங்குதான் என்று 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது உண்மை. கணவர் சவூதியில் சம்பாதிக்க, மனைவி இங்கே குடும்பத்தைப் பார்த்துக்கொண்ட வழக்கு அது. பாதிப் பங்கு கொடுத்தார்கள். பேச்சுவார்த்தையில் இதைப் பயன்படுத்துங்கள். ஆனால் இதை எல்லா வீட்டுக்கும் பொருந்தும் சட்டமாக நினைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

உங்கள் வீட்டில் நீங்களும் தவணை கட்டியிருந்தால் வங்கி ஸ்டேட்மெண்டை முதல் மாதத்திலிருந்து எடுத்துவையுங்கள். கடனில் உங்கள் கையெழுத்து இருக்கிறது அல்லவா, அதுதான் ஆபத்து. "கடனை இனி கணவரே கட்டுவார்" என்று நீங்கள் இருவரும் எழுதிக்கொள்வது வங்கியைக் கட்டுப்படுத்தாது. அவர் நிறுத்தினால் வங்கி உங்களைத் தேடி வரும், சிபில் ஸ்கோரும் போகும். ஒன்று, அவர் கடனைத் தன் பெயருக்கு மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். இல்லை, வீட்டை விற்றுக் கடனை அடைத்துவிட்டு மீதியைப் பிரிக்க வேண்டும். மூன்றாவது வழி, வீட்டை அவர் உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ செட்டில்மெண்ட் (விலை வாங்காமல் சொத்தைக் கொடுக்கும் பத்திரம்) எழுதிக்கொடுப்பது. உங்களுக்கு எழுதுவதாக இருந்தால் விவாகரத்து டிகிரி (நீதிமன்றத்தின் இறுதி உத்தரவு) வருவதற்கு முன்பே பதிவு செய்வது நல்லது. குடும்பத்துக்குள் நடக்கும் செட்டில்மெண்டுக்கு முத்திரைத் தீர்வையில் தமிழ்நாட்டில் பெரிய சலுகை உண்டு. டிகிரிக்குப் பிறகு நீங்கள் அவருக்கு மனைவி இல்லை, சலுகையும் இல்லை. பிள்ளைகளுக்கு அந்தச் சிக்கல் கிடையாது, அவர்கள் என்றும் பிள்ளைகள்தான்; தத்துப் பிள்ளைகளும் அந்தச் சலுகைக்குள் வருகிறார்கள். வங்கிக் கடன் இருக்கும்வரை வங்கியின் ஒப்புதல் இல்லாமல் எதுவும் நகராது.

40 பவுன் பற்றி அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை. உங்கள் பிறந்த வீடு போட்டது, கல்யாணத்தில் உங்களுக்கு வந்தது எல்லாம் ஸ்ரீதனம்; அது உங்களுடையது மட்டுமே. மாமியார் லாக்கரில் இருப்பதால் அவருடையது ஆகிவிடாது, திருப்பித் தர மறுப்பது நம்பிக்கை மோசடிக் குற்றம். கல்யாண ஆல்பத்தையும் கடை பில்லையும் வைத்து உருப்படி வாரியாகப் பட்டியல் போட்டு, மனுவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள். பிள்ளைகளுக்குக் காது குத்துக்கும் பிறந்தநாளுக்கும் வந்த நகை பிள்ளைகளுடையது. அதைத் தனிப் பட்டியலாகப் போடுங்கள்.

மகள் பெயரில் இருக்கும் மனை உங்கள் இருவருக்கும் இடையில் பங்கு போடும் பொருளே அல்ல. அது அவளுடையது. மைனர் சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ பாதுகாவலருக்கு நீதிமன்ற அனுமதி வேண்டும். இல்லாமல் விற்றால் அவள் 18 வயதானதும் மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட்டு ரத்து செய்யலாம். கிரயப் பத்திரத்தில் கார்டியனாக யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். அப்பா பெயராக இருந்தால், அவளுக்கு 18 வயது ஆகும்வரை இருவரில் யாரும் தொடமாட்டோம் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி போடுங்கள், வில்லங்கச் சான்றையும் அவ்வப்போது பாருங்கள். செல்வமகள் சேமிப்புக் கணக்கு இருந்தால் அதையும் மறக்காதீர்கள். 15 வருடம் பணம் கட்ட வேண்டும். யார் கட்டுவது, யார் கார்டியனாக இருப்பது என்று எழுதாமல் விட்டால் இரண்டு வருடத்தில் கணக்கு தூங்கிவிடும்.

இதுவரை சொன்னது இருவரும் உயிரோடு இருக்கும் கதை. இனி ஒருவர் இறந்தால். தத்துப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் பெரிய சண்டைகள் வெடிப்பது அப்போதுதான்.

விவாகரத்துக்குப் பிறகு நீங்கள் அவருக்கு வாரிசு அல்ல, அவர் உங்களுக்கு வாரிசு அல்ல. பிள்ளைகள் இருவரும் இரண்டு பேருக்கும் வாரிசு. உங்கள் கணவர் உயில் எழுதாமல் இறந்தால் மகள், மகன், அவருடைய அம்மா, மறுமணம் செய்திருந்தால் அந்த மனைவி, அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் சமபங்கு. ஆனால் தாசில்தார் ஆபீஸில் வாரிசுச் சான்றிதழுக்கு மனுப் போடுவது அந்த வீட்டார். அந்த மனுவில் தத்துப் பெண்ணின் பெயரைச் சேர்க்காமல் விடுவது நடக்கும். அவள் உங்களோடு வேறு ஊரில் இருப்பாள், யாருக்கும் தெரியாது. நீதிமன்ற உத்தரவின் சான்றிட்ட நகல், அதன்படி வந்த பிறப்புச் சான்றிதழ் இரண்டும் உங்களிடம் எப்போதும் இருக்க வேண்டும் என்பது இதற்காகத்தான்.

பூர்வீக நிலம் இருக்கிறதா என்று எழுதவில்லை. இருந்தால் பையன் இப்போது உங்கள் கணவரின் கிளையில் நிற்கிறான், தம்பியின் கிளையில் அல்ல. ரத்துப் பேச்சின் பின்னால் பல சமயம் இருப்பது பாசமில்லை, இந்தப் பாகக் கணக்கு. பழைய பாகப்பிரிவினைப் பத்திரத்தை வக்கீலிடம் காட்டிவிட்டுப் பேசுங்கள்.

ஒரு விஷயத்தில் சட்டம் பிள்ளைகளுக்கு உதவாது. தத்தெடுத்ததால் அப்பாவுக்குத் தன் சொந்தச் சொத்தை விற்கும், தானம் கொடுக்கும், உயில் எழுதும் உரிமை குறைவதில்லை என்கிறது 1956 தத்தெடுப்புச் சட்டத்தின் பிரிவு 13. எல்லாவற்றையும் தம்பிக்கு உயில் எழுதிவிட்டுப் போனால் பிள்ளைகளால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. "பின்னாடி புள்ளைங்களுக்குத்தானே" என்ற வாக்குறுதியை ஏற்காதீர்கள். பிள்ளைகளுக்கென்று ஏதாவது தருவதாக இருந்தால் இப்போதே பதிவு செய்த செட்டில்மெண்டாக வரட்டும். உயிலை நாளைக்கே மாற்றலாம். கைக்கு வந்து பதிவான செட்டில்மெண்டை அவர் இஷ்டத்துக்கு ரத்து செய்ய முடியாது.

உங்கள் பக்கமும் ஒரு ஓட்டை இருக்கிறது. நீங்கள் உயில் இல்லாமல் இறந்தால் உங்கள் சொத்து பிள்ளைகளுக்குப் போகும், சரி. ஆனால் அவர்கள் மைனர். உயிரோடு இருக்கும் அப்பாதான் இயற்கைப் பாதுகாவலர். யாரிடமிருந்து பிரிந்து வந்தீர்களோ அவர் கைக்கே நிர்வாகம் போய்ச் சேரும். அதனால் விவாகரத்து ஆன கையோடு உயில் எழுதுங்கள். சொத்தை நேராகப் பிள்ளைகள் பெயருக்கு விடாமல், உங்கள் அண்ணனையோ நம்பிக்கையான யாரையோ டிரஸ்டியாக நியமித்து, இருவருக்கும் இன்ன வயது வரும்வரை படிப்புக்கும் செலவுக்கும் அவர் நிர்வகிக்க வேண்டும் என்று எழுதலாம். எல்ஐசி, பிஎஃப், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் நாமினியை மாற்றுங்கள். விவாகரத்தானதும் பழைய பெயர் தானாக அழியாது. மைனரை நாமினியாகப் போடும்போது அவர் சார்பில் பணம் வாங்க வேண்டிய பெரியவர் பெயரையும் கேட்பார்கள். அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக இரண்டு வார்த்தை. முறையாகக் கொடுத்து வாங்கவும் இல்லை, பத்திரமும் இல்லை, உத்தரவும் இல்லை, சொந்தக்காரர் பிள்ளையை எடுத்து வளர்த்தோம் என்ற வீடுகள் தமிழ்நாட்டில் ஏராளம். அங்கே நிலைமை வேறு. பிரிந்தால் பெற்றவர்கள் வந்து கேட்கலாம், வளர்த்தவருக்குப் பெற்றோர் என்ற உரிமை இல்லை, பிள்ளைக்கு வாரிசுரிமையும் இல்லை. இருவரும் சேர்ந்திருக்கும்போதே சட்டப்படி தத்தாக்கிவிட வேண்டும். ஆஸ்பத்திரியில் யாரிடமோ பணம் கொடுத்து வாங்கிய குழந்தை என்றால் அது குற்றம். 2019இல் ராசிபுரத்தில் வெளியே வந்த குழந்தை விற்பனை கைதிலும் வழக்கிலும்தான் போய் நின்றது. கிறிஸ்தவர், முஸ்லிம் குடும்பங்களுக்கு 1956 தத்தெடுப்புச் சட்டம் பொருந்தாது. ஆனால் சிறார் நீதிச் சட்டத்தின் வழி யாரும் தத்தெடுக்கலாம் என்று 2014இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. முன்பு 1890 சட்டப்படி கார்டியன் உத்தரவு மட்டும் வாங்கியவர்கள் கவனிக்க வேண்டும். அது தத்து அல்ல. 18 வயதோடு முடிகிறது, வாரிசுரிமை தராது. அவர்கள் உயில், தானம் வழியாகத்தான் பிள்ளைக்கு எழுதிவைக்க வேண்டும். அப்புறம், கல்யாணத்துக்கு முன்பே தனியாகத் தத்தெடுத்த பெண் பிறகு மணந்துகொண்டால், கணவர் அந்தப் பிள்ளைக்கு மாற்றாந்தந்தை மட்டுமே. பிரியும்போது அப்பா என்ற உரிமையில் அவர் கஸ்டடி கேட்க முடியாது.

உங்கள் மனுவுக்கு வருகிறேன். பரஸ்பர சம்மத மனு போட ஒரு வருடம் பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். அதற்கப்புறம் ஆறு மாதக் காத்திருப்பு. கஸ்டடி, ஜீவனாம்சம் எல்லாம் உண்மையிலேயே பேசி முடிந்திருந்தால் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் சொல்லியிருக்கிறது. அவசரத்தில் அந்தத் தள்ளுபடியைக் கேட்காதீர்கள். ஆறு மாதம் என்பது அவர்கள் பார்வை நேரத்தை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்களா, பணம் மாதாமாதம் வருகிறதா என்று பார்க்கக் கிடைக்கும் காலம். ஒப்பந்தத்தின் முதல் வரியிலேயே இருவரும் தங்கள் சட்டப்படியான மகள், மகன் என்று இரண்டு பேரும் ஒப்புக்கொள்வதாக எழுதி, தத்துப் பத்திர எண்ணையும் நீதிமன்ற உத்தரவு எண்ணையும் தேதியோடு சேருங்கள். நாளைக்குத் தத்து செல்லாது என்று வழக்குப் போட்டால், அவர் கையெழுத்தே அவருக்கு எதிராக நிற்கும். டிகிரி வந்த பிறகும் கஸ்டடியும் பராமரிப்பும் கல்லில் எழுதியது அல்ல; இந்து திருமணச் சட்டம் பிரிவு 26 படி நிலைமை மாறும்போது போய் மாற்றக் கேட்கலாம். ஆனால் சொத்தில் விட்டுக்கொடுத்ததை அப்படித் திரும்பக் கேட்க முடியாது, அதனால் அந்தப் பத்திகளை இரண்டு முறை படியுங்கள்.

வக்கீல் கட்டணம் இடித்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் தருவார்கள். 15100 என்ற எண்ணில் கூப்பிட்டும் கேட்கலாம். போகும்போது தத்துப் பத்திர நகல், நீதிமன்ற உத்தரவு, இரண்டு பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், மனையின் கிரயப் பத்திரம், கடன் ஸ்டேட்மெண்ட் இவ்வளவும் ஒரே ஃபைலில் இருக்கட்டும்.